இரண்டாவது பூச்சு

பகலில் பாயான் லெப்பாசில்
மின்பலகைகளுக்கு ஈரம் புகாத பூச்சு அடிக்கிறேன்.
அதற்கு இயந்திரம் இருக்கிறது, கையுறை இருக்கிறது,
தப்பினால் திட்டுவதற்கு சூப்பர்வைசர் இருக்கிறார்.
இரவில் பாயா தெருபோங், பதினேழாம் மாடி.
மேசையில் பழைய பேப்பரை விரித்தால்
நானும் ஆறு மர மீன்களும்தான்.

மரம் ஜெலுத்தோங்.
வாங்கிய கடையும் ஜெலுத்தோங்.
இதைத் தவுக்கேயிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை;
மீதி இரண்டு வெள்ளியை நீட்டினார்.

முதலில் தனலெட்சுமியின் நகப்பூச்சு.
நிறமில்லாதது, மினுங்கும், அரை மணியில் காயும்.
டப்பாவுக்குள் ரப்பர்ப் புழுவோடு
ஒரு ராத்திரி கிடந்ததில்
இரண்டும் இளகி, ஒட்டி,
எது புழு எது மீன் என்று பிரிக்க முடியவில்லை.
அக்காவுக்கு இன்னும் ஒரு பாட்டில் கடன்.

அடுத்தது ஸ்ப்ரே. காருக்கு அடிப்பது.
நடைபாதையில் நின்று அடித்தேன்.
பக்கத்து வீட்டு மேடம் கூ
நான்கு ஜன்னலையும் ஒவ்வொன்றாகச் சாத்தினார்.
அழகுதான், கண்ணாடி மாதிரி.
பத்து மாவுங் பாறையில் ஒரே உரசல்.
முடியளவு கீறல்.
அந்த வழியாகக் கடல் உள்ளே போனது.
மரம் ஊதி, வண்ணம் தோலுரிந்து,
நேராக நீந்த வேண்டியது
சம்பள நாள் ராத்திரி நடப்பவன் மாதிரி
ஓரம் ஓரமாய்ப் போனது.

ஆகவே எபாக்சி.
இரண்டு பாட்டில், சரிபாதி.
கண்ணளவு ஆகாது.
ஒரு துளி கூடினால் ஆயுளுக்கும் பிசுபிசுப்பு.
ஊசி கழற்றிய இரண்டு சிரிஞ்சில் அளந்தேன்.
மெதுவாகக் கலக்கச் சொல்கிறார்கள்,
வேகமாய்க் கலக்கினால் நுரைக்குமாம்.
எப்படிக் கலக்கினாலும் நுரைக்கிறது.

பூசிய பிறகு குனிந்து,
ஊதாமல், உதட்டைக் குவிக்காமல்,
மூக்குக்கண்ணாடி துடைக்க விடுவோமே
அந்த ஹா.
குமிழ்கள் மேலே வந்து உடைந்தன.
ஒரு மீனுக்கு இரண்டு மூச்சு.
மிச்ச வேலை மோட்டாருக்கு,
செத்துப்போன மைக்ரோவேவிலிருந்து கழற்றியது,
நிமிடத்துக்கு ஐந்து சுற்று.

மழை. ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
சுற்று நின்றதும் பூச்சு அடிவயிற்றுக்கு இறங்கி
எல்லாருக்கும் தொப்பை போடத் தொடங்கியது.
போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து
வெளிச்சத்தில் கையால் சுற்றினேன்.
பதினேழாம் மாடிக்கும் ஈசல் வரும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.
ஒன்று மூன்றாவது மீனின் முதுகில் உட்கார்ந்தது.
விரல் பட்டால் தடம்.
ஊசியால் எடுத்தால் இறகு மட்டும் நிற்கும்.
விட்டேன்.
கை மாற்றிக் கை மாற்றி மூன்று மணி.
கரண்ட் வந்தபோது
முதலில் இருமியது பிரிட்ஜ்.

சுற்றும்போது தோன்றியது:
கடிக்கட்டும் என்றுதான் செதுக்கினேன்.
கடித்தாலும் ஒன்றும் ஆகாதிருக்கட்டும் என்று பூசுகிறேன்.
தொழிற்சாலையில் கீறல் விழுந்தால் தள்ளுபடி.
இதில் கீறல் விழும்வரை
பாஸா பெயிலா என்றே சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில்,
புவனேஸ் வாடகைக்கு எடுத்த சம்பானில்,
மூன்றாவதைத் தூக்கிப் பார்த்து
“இது என்ன, அழுக்கா?” என்றான்.
நானே கட்டிக்கொண்டேன்.
எட்டாவது வீச்சில் அலு-அலு.
படகோரம் வரை வந்தது,
என்னை ஒரு பார்வை பார்த்தது,
தலையை உதறிப் போய்விட்டது.

துடைத்துப் பார்த்தேன்.
ஊசிப்பல் ஐந்து இடத்தில்.
ஈசலுக்கு நேர்மேலே ஒன்று,
வெள்ளையாய், பாதியில் நின்றிருக்கிறது.
இறகு கலையவில்லை.
வால்பக்கம் இருக்கும் ஒன்று மட்டும்
மரம்வரை போயிருக்கிறது.

சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
வியாழன்வரை காய வேண்டும்.
இரண்டு பாட்டிலிலும் கொஞ்சம் இருக்கிறது,
ஆனால் சமமாக இல்லை.