சாணும் முழமும்

செவ்வாய்க்கிழமை காலையில்
தாழ்ப்பாள் அசைவதற்கு முன்பே
வயிறு அசைந்துவிடுகிறது.
சின்னப்பாலம் வளைவில் பைக் திரும்புவது
காதுக்குக் கேட்பதற்குள்
உள்ளங்கைக்குக் கேட்டுவிடும். வேர்க்கும்.

நல்ல பையன்தான் வில்வதுரை.
பரமக்குடிக்காரன். அக்கா என்றுதான் கூப்பிடுவான்.
நோட்டை விரிப்பான்:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.
அது என் உடம்புக்குப் புரியவில்லை.
திருக்கை முள் ஒருமுறை ஏறிய கால்
மணலில் கிடக்கும் கயிற்றைப் பார்த்தும்
தன்னால் துள்ளுகிறதே, அப்படி.

ராம்நாடு பெரியாஸ்பத்திரியில்
பல் டாக்டரம்மா கேட்டார்:
"ராத்திரி பல்லக் கடிப்பீங்களோ?"
கடைவாய்ப்பல் நடுவில் பிளந்திருந்தது.
தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்?
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
எல்லோரும்தான் சொன்னார்கள்.
நான் இருந்துவிட்டேன்.
பல்தான் இருக்கவில்லை.

மூன்று மாதமாக வீட்டுக்கு விலக்கும் இல்லை.
சீப்பில் வருகிற முடியைச் சுருட்டி
ஓலைக்குள் செருகுகிறேன், கணக்குத் தெரியாமலிருக்க.
ஸ்கேலை ஒடித்தாள் என்று மகளை அடித்தேன்.
கை போய் வந்த பிறகுதான்
மனசு அங்கே போய்ச் சேர்ந்தது.

கடலில் இப்படி இல்லை.

விரல்களுக்குத் துணி சுற்றி
சேலைக்கு மேல் அவர் சட்டையைப் போட்டு
வத்தையிலிருந்து இறங்கி
முகம் தண்ணீரைத் தொட்டதும்
உள்ளே யாரோ திருகாணியைத் திருப்பினாற்போல்
நெஞ்சு நிதானமாகிறது.
தட்.
பாறை இடுக்கில் ஒரு மீன் வந்து
என்னைப் பார்த்துவிட்டுப் போகிற நேரம்.
தட்.
மூச்சு விட நேரமில்லை என்று
கரையெல்லாம் புலம்புகிறவள்
இங்கே மூச்சு விடாமல், அவசரமில்லாமல்
மரிக்கொழுந்துப் பாசியைக் கல்லிலிருந்து பிய்க்கிறேன்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்றவர்
கரையில் உட்கார்ந்துதான் சொல்லியிருக்க வேண்டும்.
சாண் வேறு. முழம் வேறு.
ஒரு சாணில் வெயில் உடைந்து ஆடும்.
மூன்று முழத்தில்
வில்வதுரை இல்லை.

இல்லை என்றிருந்தேன்.
போன அமாவாசைக்கு மறுநாள்
கை பாசியில் இருக்க, கண் பாசியில் இருக்க,
இரண்டாயிரத்து நூற்று நாற்பது
என்று எனக்குள்ளேயே எண்ணிவிட்டேன்.
அவ்வளவுதான். நெஞ்சு
கூண்டில் விட்ட நண்டு மாதிரி பிறாண்டியது.
எது மேல் எது கீழ் தெரியவில்லை.
நம்பீசுவரிதான் சட்டைக் காலரைப் பிடித்து
வத்தைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.
"என்னடி, பாம்பா?"
"இல்ல."
"சுறாவா?"
எனக்குச் சிரிப்பு வந்தது. உப்பும் வந்தது.

இந்தச் செவ்வாய் அவன் வந்தபோது
முகத்தைப் பார்க்க முடியாமல்
காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில்
வலது முழங்கால் நிற்காமல் ஆடியது.
நகமெல்லாம் சதை வரைக்கும் கடித்திருந்தான்.
சட்டைப் பையில் பாதி தீர்ந்த
வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை.
போன் அதிர்ந்தது; எடுக்கவில்லை;
தோள் இரண்டும் காதுவரை ஏறி
இறங்க மறந்து நின்றன.
யாருக்கு இவன் செவ்வாய்க்கிழமை?
இல்லை, யார் இவனுக்கு?

ஐநூறு குறைந்தது. எழுதிக்கொண்டான்.
"அடுத்த வாரம் சேத்துக் குடுத்துருங்கக்கா."
குடித்த தண்ணீரில் பாதி
மோவாய் வழியே சட்டையில் ஒழுகியது.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பைக் போனதும்
மீன் கழுவுகிற குண்டாவில் தண்ணீர் ஊற்றி
முகத்தை உள்ளே வைத்தேன்.
ஒரு சாண்தான்.
உடம்பு கொஞ்சம் ஏமாந்தது.
தட்.

"எத்தன நேரம் இருப்பே? எண்ணவா?" என்றாள் மகள்.
எண்ணினாள்,
என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று.