வறட்டு இருமல்

மார்கழி மழைக்கு ஊரே இருமும்.
அதனால் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கொக்குவில் சந்தியில் எங்கள் பார்மசி.
ரியூசன் முடிந்து, நனைந்த சைக்கிளை
மதிலில் சாத்திவிட்டு வருவான் யதுர்ஷன்.
"அக்கா, அம்மாவுக்கு இருமல். ஒரு பாணி தாங்கோ."
வறட்டு இருமலோ, சளியோ?
நான் கேட்டு முடிக்க முன்னமே
"வறட்டு" என்பான்.

அடுத்த கிழமை அப்பாவுக்கு.
அதற்கடுத்த கிழமை தங்கச்சிக்கு.
பிறகு கனடாவிலிருந்து வந்து நிற்கிற மாமிக்கு:
பனியிலே இருமாத மனுசி
இங்கே வந்து இருமுறாவாம்.
அதற்கு நான் சிரித்தேன் கூட.
மிச்சக் காசுக்கு இரண்டு தொண்டை இனிப்பும் கொடுத்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள்
அம்மாவே வந்தா, பிறசர் குளிசைக்கு.
இப்ப இருமல் எப்படி என்று கேட்டேன்.
"எனக்கோ?" என்றா.

பின்னால் ஆள் நின்றது. மழை வேறு.
சீனி பூசின குளிசை போல
மற்றக் கேள்வியை விழுங்கிவிட்டேன்.
அது இன்னும் கரையவில்லை.

முதலாளியிடம் சொன்னேன்தான்.
"நாங்கள் குடுக்காட்டி கோண்டாவிலில வாங்குவான்,
இல்லாட்டி இணுவில், மருதனார்மடம்."
அவர் சொன்னது சரி.
கே.கே.எஸ். வீதி நெடுக
கடைக்கு ஒரு போத்தல்,
கடைக்கு ஒரு நோயாளி.
அந்தக் குடும்பம் முழுவதையும்
அவன் இருமவைத்துக்கொண்டிருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிற
கௌரிமலர்தான் பிறகு சொன்னாள்:
கொண்டுவரும்போது கருமணி இரண்டும்
ஓரிடத்தில் நிற்கவில்லையாம்.
ஆள் கட்டிலில் கிடக்க
நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி.
சுவரில் நண்டு ஏறுது, தட்டிவிடுங்கோ
என்று கெஞ்சினானாம். சத்தி. திரும்பவும் சத்தி.
விடியப்புறம் மூச்சு இடைவெளி விட்டு வந்ததாம்.
அந்த இடைவெளிகளை அவள் எண்ணினாளாம்.

டொக்டர் வெறும் போத்தலைக் கேட்டிருக்கிறார்.
லேபலின் அடியில், எறும்பு எழுத்தில்,
காய்ச்சல் மருந்தும் சேர்ந்திருக்கிறது.
நான் பில் எழுதி மறந்ததை
ஈரல் மறக்கவில்லை.

பிழைத்தான்.

ஆனால் பொலிஸ் அவன் பையைத் திறந்திருந்தது.
கொப்பிகளுக்கு நடுவே ஆறு போத்தல்;
அதில் இரண்டு எங்கள் கடையில் இல்லாதவை,
டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத சாதி.
பௌதிகவியல் கொப்பியின் கடைசி ஒற்றையில்
பெயர்கள். பெயருக்கு நேரே
ஒரு மூடி, இரண்டு மூடி, பாக்கி இருநூறு.

சட்டத்தரணி வராந்தாவில் வைத்து
தகப்பனுக்கு விளங்கப்படுத்தினார்:
"குடிச்சது வருத்தம் ஐயா.
வித்தது வழக்கு."
பதினெட்டு முடிந்து பதினொரு நாள் என்றார் மெதுவாக.
அந்தப் பதினொரு நாளை
யாரும் எங்கும் திருப்பிக் கொடுக்க முடியாது.

மருந்துப் பரிசோதகர் வந்து
எங்கள் கண்ணாடி அலுமாரிக்குச் சீல் வைத்தார்.
பில் புத்தகம் சாட்சிப் பொருள்.
நான் சாட்சி.

இது யாருடைய கையெழுத்து?
என்னுடையது, ஐயா.
இந்தத் தாய்க்கு இருமல் இருந்ததா?
மகன் சொன்னார்.
நீங்கள் கேட்டீர்களா?

மின்விசிறி சுற்றியது.
கேட்டேன், ஐயா. ஒருமுறை.
பிறகு?

வெளியே வந்தேன்.
வாங்கில் அந்த அம்மா, மடியில்
அவனுடைய வெள்ளைச் சேட் மடித்தபடி.
பழைய கோவைகளைத் தூசு தட்டி
யாரோ கொண்டு போனார்கள்.
அவவுக்கு இருமல் வந்தது.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் நிறைய,
நிற்காமல்.

வறட்டு இருமல்.
கேட்டவுடனே தெரிந்தது எனக்கு.

தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து நீட்டினேன்.
என் கையைப் பார்த்தா.
வாங்கவில்லை.