மூன்றாம் வால்வு

என் கையில் ஒரு சாவி.
அரசாங்கம் கொடுத்ததில்லை,
வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது.
தலையில் குறுக்குக் கம்பி வைத்த
ஒன்றரை முழ இரும்பு.
மாட்டித் திருகினால்
ஒரு தெரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்.
திருப்பித் திருகினால்
அந்தத் தெரு என்னைப் பார்க்கும்.

ஊராட்சியில் என் பேர் தொட்டி ஆபரேட்டர்.
ஊருக்குள் தண்ணிக்காரன்.
சேரன்மகாதேவிக்கு மேற்கே
ஆற்றுக்குள் உறைகிணறு, கரையில் மோட்டார் ரூம்,
முப்பதாயிரம் லிட்டர் தொட்டி,
நாலு வால்வு, நாலு தெரு,
தெருவுக்கு அரை மணி.
பதினோரு வருஷம்.
யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை என்று
கேட்காதவரிடமும் சொல்லுவேன்.
கிராமசபையில் போட்ட சால்வை
இன்னும் டிவிக்கு மேல் மடித்தபடி இருக்கிறது.

பங்குனியில், ஆறு மணலைக் காட்டிக் கிடந்த ஒரு நாள்,
கடைசித் தெரு ஜெபக்கனி
பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றியபடி
சண்டைக்கு வராமல் சும்மா கேட்டாள்:
“அண்ணாச்சி, எங்க தெருவுக்கு வரும்போது மட்டும்
ஒங்க வாட்சு வேகமா ஓடுமோ?”

“கரண்ட் போவுதுல்லா, நான் என்ன செய்ய?” என்றேன்.
அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.
அவளுக்கும் தெரியும்.
பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த
மாவு மில் பெல்ட்டுக்கும் தெரியும்.

ராத்திரி மோட்டார் ரூமில் நோட்டை எடுத்தேன்.
என் கையெழுத்துதான்.
ஆறு முதல் ஆறரை. ஆறரை முதல் ஏழு.
ஏழு முதல் ஏழரை. ஏழரை முதல் எட்டு.
நேற்றும் அப்படி. தீபாவளி அன்றும் அப்படி.
வெள்ளத்தில் மோட்டார் மூழ்கிக் கிடந்த வாரத்திலும்
அப்படியே.
கோயில் மணிகூட இத்தனை ஒழுங்காக அடித்ததில்லை.

பதினோரு வருஷத்தில்
நடந்ததை நான் ஒருநாளும் எழுதவில்லை.

மறுநாள் காலை
வேற்றாள் ஒருவனைப் பார்ப்பது மாதிரி
என் பின்னாலேயே நான் போனேன்.
முதல் வால்வு திறந்தான், மூடினான். சரி.
இரண்டாவதும் சரி.
மூன்றாவது அவன் குடியிருக்கிற தெரு.
திறந்தான்.
சாவியைச் சுவரில் சாத்தினான்.
முக்கில் நல்லபெருமாள் கடைக்குப் போனான்.
ஒரு டீ, ரெண்டு உளுந்த வடை,
கடைக்காரர் மகள் வளைகாப்புச் சேதி,
அம்பாசமுத்திரம் பஸ் ஏன் வரவில்லை என்ற விசாரணை.
எழுந்து வந்து மூடும்போது ஏழே முக்கால்.
தொட்டியில் ஒரு முழம் தண்ணி.

அவ்வளவுதான்.
வஞ்சகம் என்று ஒன்று உள்ளே இருந்தால்
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம்.
இது டீ.
டீயை என்ன செய்ய?

நாலாவது வால்வுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.
சொல்லச் சின்னது.
ஏழு மணிக்கு இஞ்சி வாசனை
ரோட்டைத் தாண்டி வந்து சட்டையைப் பிடிக்கும்.
வீட்டில் ஆவுடைத்தங்கம்,
“நம்ம குழாயில தண்ணி பொசுக்குன்னு நிக்கே, என்ன?”
“அரை மணி ஆயிட்டு.”
“நேத்து வரைக்கும் அரை மணி நீளமால்லா இருந்துச்சு!”
அவளிடம் விஷயத்தைச் சொல்ல
எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஜெபக்கனி ஒன்றும் சொல்லவில்லை.
நிறைந்த குடத்தை நகர்த்தி
அடுத்ததை வைத்தாள்.
நன்றி ஒன்று வரும் என்று நின்றவன்
வெட்கப்பட்டு நடந்தேன்.
அது அவள் தண்ணி.

வைகாசியில் கிளார்க் நோட்டைப் புரட்டினார்.
“என்னவே இது, ஆறு மூணு, ஏழு பத்துன்னு?
பழையபடி ரவுண்டா எழுதும்வே,
ஆடிட்டுல ஆயிரம் கேள்வி வரும்.”
“வரட்டும்” என்றேன்.
குரல் கொஞ்சம் நடுங்கியது.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
நேற்று மழை தூறியது.
நல்லபெருமாள் அப்போதுதான் வடை போட்டிருந்தார்.
நோட்டில் இப்படி இருக்கிறது:

மூன்றாம் வால்வு.
திறந்தது ஏழு இரண்டு. மூடியது ஏழு நாற்பத்தொன்று.
ஒன்பது நிமிஷம் கூடுதல்.
காரணம்,

கரண்ட் என்று எழுதப் போன பேனா
ஒரு புள்ளியில் நின்றிருக்கிறது.
புள்ளிக்குப் பக்கத்தில்
டீ.