பக்கம் நாற்பத்தொன்று

அட்டை இல்லை. முதல் நான்கு பக்கமும் இல்லை.
அடிவிளிம்பில் கெடிலம் வந்துபோன பழுப்புக் கோடு.
பேர் தெரியாத அந்தக் காதல் நாவலை
மஞ்சக்குப்பம் நூலகத்தில் எடுத்தேன்,
சிப்காட் பஸ்ஸில் படிக்க.

விருந்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க
சுவரோரம் விறைத்து நிற்கிறான் ஒருவன்.
"இந்த வீட்டு சூப்பில் உப்பு ஜாஸ்தி" என்கிறான்.
"உங்கள் நாக்கில்தான்" என்கிறாள் அவள்.
முதுநகர் தாண்டும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அங்கேதான் ஓரத்தில், பென்சிலில்:
"இவளுக்கு வாய் அதிகம். உருப்படாது."

சாய்ந்த கையெழுத்து. 'ழ'வின் வால் நீண்டு
மீசை முறுக்கியது. எனக்கு ஆளே தெரிந்துவிட்டது:
இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை,
பெண் பார்க்க வந்த வீட்டில்
பஜ்ஜியை மென்றுகொண்டே
"வேலையை விட்டுடுவாங்கள்ல?" என்று கேட்டவன்.
(அவன் வேறு. அது வேறு கதை.)
லேப் கோட்டிலிருந்து பேனாவை உருவி
அடுத்த தாளில் பதியும்படி அழுத்தி எழுதினேன்:
"நீதான்டா உருப்படமாட்டாய்."
அன்று முழுக்க மாதிரிப் புட்டிகளுக்கு
லேபிள் ஒட்டும்போதும் நல்ல மனநிலை.

பென்சில் விடவில்லை, கூடவே வந்தது.
அறுபத்தேழில் "ம்."
நூற்றுப்பத்தில், தம்பியின் கடனை
அவள் தன் பேரில் எழுதிக்கொள்ளும் இடத்தில்,
ஒரு கோடு மட்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டில்தான் அவன் சொல்கிறான்:
அன்று காலைதான் அம்மாவை அடக்கம் செய்தானாம்,
எதை வாயில் வைத்தாலும் உப்புக் கரித்ததாம்.
அதன் கீழே, முனை மழுங்கிய எழுத்தில்,
"41இல் எழுதியது தப்பு. அழிக்க ரப்பர் இல்லை."

குடிகாட்டில் இறங்க மறந்தேன்.

லூர்துமேரி மேடம் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.
"உனக்கு முன்னாடி ஒரே ஆள்தான். ஏழிசைவல்லி.
துறைமுகத்துல மீன் ஏலக் கணக்கு எழுதுற பொண்ணு,
காதுல எப்பவும் பென்சில் சொருகியிருக்கும்."

பொண்ணு.

பெட்டிக்கடையில் ரப்பர் வாங்கினேன்.
மைக்கு அது ஆகாது என்று கடைக்காரரே சொன்னார்.
எச்சில் தொட்டுத் தேய்த்ததில்
'டா' இருந்த இடத்தில் தாள் ஓட்டையாகி
நாற்பத்துமூன்றாம் பக்கத்து அரைச்சொல் ஒன்று எட்டிப் பார்த்தது.
மேடத்திடம் பென்சில் கடன் கேட்டு
ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டேன்.
"இதுவும் தப்பு" என்று எழுதி
திருப்பிக் கொடுத்தேன்.