வடிதாள்

பிறைத் தொழிற்பேட்டைக்குப் பின்னால்
ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடி.
ஏறிப்போக இரும்பு ஏணி, பதினொரு படி.
ஏழாவது ஆடும். மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேலே ஒரு வெள்ளைப் பெட்டி
இராப்பகலாக மூச்சை உள்ளுக்கு இழுக்கிறது.
அது வெளியே விட்டு நான் கேட்டதில்லை.

இடுக்கியால் பழைய தாளை எடுக்க வேண்டும்.
புதியதை வைத்து மூடியைத் திருகி
நேரம் எழுத வேண்டும்.
சின்ன அப்பளம் அளவுத் தாள்.
மார்கழியில் எடுத்தால் லேசாக அழுக்கு.
ஆவணியில் எடுத்தால்
ஆறிப்போன தே தாரேக்கின் நிறம்.

இன்று குறியீடு இருநூறைத் தாண்டி
பள்ளிக்கு விடுமுறை.
பூப்பந்து வலையில் ஒரு மைனா.
பாலம் பாதிக்கு மேல் இல்லை;
அக்கரையில் தீவு இருக்கிறதென்று
ஃபெரியின் சங்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்
வாளியோடு எட்டிப் பார்த்தார்.
இருளப்பன். முதுகுளத்தூர்ப் பக்கம்.
குத்தகைக்காரரிடம் நாலு வருடம்.
என் அட்டையில் தவமலர் என்று படித்துவிட்டு
அக்கா என்றார்.
இருவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

"என்னக்கா இது?"
"நேத்து முழுக்க அடிச்ச காத்து."
"எம்புட்டு கனம்?"
"ஒரு கடுகு இருக்கும்."
"இம்புட்டுக்கா பள்ளிக்கூடத்த மூடுனாக?"
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
தொட்டிக்குள் போய் எதிரொலித்தது.
"சிறுத்தாலும் காரந்தான்" என்று
வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கரி சுட்டவராம்.
மிளகாய் காய்ந்துபோன வருடம்
காடு முழுக்கச் சீமைக்கருவேலை.
வெட்டி அடுக்கி, தழை மூடி, ஈர மண் பூசி,
ஒரு வாயில் தீ வைத்தால் அதற்குப் பெயர் மூட்டம்.
ஒன்பது நாள் காவல்.
வெள்ளைப் புகை வந்தால் மரத்தில் ஈரம்,
மஞ்சள் வந்தால் வேகிறது,
நீலம் வந்தால் கரி.
எங்காவது மண் வெடித்துக் காற்று நுழைந்தால்
விடிவதற்குள் எல்லாம் சாம்பல்,
முதலாளிக்குப் பதில் சொல்லணும்.
பங்குனியில் புகை, ஆடியில் புழுதி,
ஐப்பசியில் வானத்தைக் கழுவும்,
மழை வந்தால்.
"மூட்டத்துக்குப் பயந்து கப்பலேறுன மாதிரி வந்தேன்.
இங்க பேப்பர்ல புகைமூட்டம்னு போட்ருக்கான்."

ஆடியில் அவர் ஊர்ப் புழுதியைக் கிளப்புவதும்
இந்தப் புகையை இங்கே தள்ளிவருவதும்
ஒரே தென்மேற்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள்
என் இடுக்கியை நோக்கிக் குனிந்து
தாளை முகர்ந்துவிட்டார்.

தடுத்திருக்க வேண்டும்.

"மரமில்லக்கா" என்றார்.
கண்ணை மூடியிருந்தார்.
"மரம் எரிஞ்சா இந்த வாசம் வராது.
மண்ணு. மண்ணுதான் எரியுது."

கடலுக்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலம்.
வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டார்கள்.
காய்ந்தபின் தீ மேலே தெரிவதில்லை,
அடியில் வாரக்கணக்காய் நடக்கிறது.
இதை நான் பயிற்சியில் படித்தேன்,
படம் போட்டுக் காட்டினார்கள்.
என் தராசுக்கு இது தெரியாது.
அது கடுகு என்று மட்டும் சொல்லும்.

காவல் இல்லாத மூட்டம்.
ஒன்பதாம் நாள் திறக்க யாரும் வரமாட்டார்கள்.

பையிலிருந்த முகக்கவசம் ஒன்றைக் கொடுத்தேன்.
உறையைப் பிரிக்காமல் சட்டைக்குள் வைத்தார்.
"தம்பி மூட்டத்துல நிக்கிறான்.
ஊருக்குப் போற ஆளுகிட்ட குடுத்து விடுவேன்."
பிறகு தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.
துடைப்பம் தேய்க்கும் சத்தம்.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
நாலு வருடத்தில் அதை நிரப்பியதில்லை.
மாதிரியில் மனித மூச்சு பட்டது, செல்லாது
என்று எழுதினேன்.
வரைபடத்தில் பிறைக்கு இன்று எண் விழாது.
கோடு ஓரிடத்தில் அறுந்து
மறுநாள் தொடங்கும்.
அலுவலகத்தில் கேட்டால் ஏணி ஆடியது என்பேன்.

தாளை எறியவில்லை.
உறையில் போட்டுத் தேதி எழுதினேன்.
ஏழாவது படியில் நின்று
கவசத்தைக் கீழே இழுத்து
ஒருமுறை நானும் முகர்ந்து பார்த்தேன்.

எனக்குப் புகைதான் வந்தது.