போடு, எடு

கொழிஞ்சாம்பாறை ஷாஜு கூலி மட்டும் எண்ணூறு கேட்டான்.
செட்டே உக்கடத்தில் ஆயிரத்து நூறுதான்.
நானே மாட்டிக்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

மாவு வண்டி இது. பழைய ஆம்னி.
விடியுமுன் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி
அந்தப் பக்கம் பதினாறு கடை, இந்தப் பக்கம் ஒன்பது.
பின்னால் உப்பிக்கொண்டே வரும் பாக்கெட்டுகள்.
முன்னால் நானும் கிட்டுச்சாமியும்.
நடுவில் கியர்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சில்லை.
கிரைண்டர் கல் கொத்திய காசில் தொடங்கி
அவர் தங்கை கல்யாணம் வரைக்கும் போய்
திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிட்ட சண்டை.

மஞ்சள், எப்போதும் உயிரோடிருப்பது.
சிவப்பு, சாவி திரும்பினால் மட்டும்.
கறுப்பு, வண்டியின் உடம்புக்கு.
தாளில் இப்படித்தான் இருந்தது.
டேஷ்போர்டைப் பெயர்த்தால்
உள்ளே ஐந்து ஒயரும் ஒரே பச்சை.
எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான்
முறுக்கிய இடத்திலெல்லாம்
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

பாலக்காட்டுக் காற்று ஒரு தடவை வீசியது.
தாள் பனைமரங்களுக்குப் போய்விட்டது.

பல்பு வைத்துக் குத்திப் பார்க்க வேண்டும்.
சாவி திருப்ப ஆள் வேண்டும்.
"ஒரு கை வேணும்" என்றேன், வண்டியிடம் சொல்வதுபோல.
உளுந்து கழுவிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

போடு.
எடு.
இல்லை, போடு.
எடு, எடு.

பல்லிடுக்கில் டேப்பைக் கடித்திருந்தேன்.
'ங்க' சேர்க்க வாயில் இடமில்லை.
அவர் கவனித்தார். காது சிவந்தது தெரிந்தது.
ஆனாலும் போட்டார், எடுத்தார்.
பதினாலு வருஷத்தில்
நான் சொன்னதும் அவர் செய்தது மொத்தமே இவ்வளவு இருக்காது.

இருட்டும்போது சத்தம் வந்தது.
ஒரு மலையாளக் குரல், தகரத்தில் பேசுவதுபோல.
இடது கதவில் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது.
வலதிலும் அப்படியே.
சேர்ந்து பாடினால் அடித்தொண்டை காணாமல் போகிறது.

அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.
ஒன்று காற்றைத் தள்ளும்போது
மற்றது இழுத்துக்கொண்டிருக்கிறது.
இரண்டுமே ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன.

சுவர்க்கடிகாரத்தின் செல்லைக் கழற்றி வந்து
ஸ்பீக்கர் ஒயரில் தொட்டேன். டுப்.
டார்ச் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்துச் சொன்னார்:
"வெளிய வருது."
அடுத்த கதவுக்குப் போனோம். டுப்.
"இது உள்ள போகுது."

மாற்றி முறுக்கினேன்.
கொப்பரை விலை சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆளுக்கு
நெஞ்சு திரும்பி வந்தது.
சீட்டுக்கடியில் ஒரு திருகாணி மிச்சம்.
எதிலிருந்து கழற்றியது என்று இருவருக்கும் தெரியவில்லை.
சாம்பல் கிண்ணத்தில் போட்டு மூடினேன்.

செல்லைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.
சுவரில் ஆறு இருபது. செட்டில் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மின்னுகிறது.
போனைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.
உத்தேசமாக எழுந்து, உத்தேசமாக ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் நாற்காலியிலேயே தூங்குகிறார்.
ஒரு கடையும் திறக்கவில்லை.
முதல் கடை வாசலில் நிறுத்திவிட்டு
செட்டைப் போட்டேன்.
ஸ்டேஷனும் எழுந்திருக்கவில்லை.
இரைச்சல் மட்டும், இரண்டு கதவிலிருந்தும்
ஒரே அளவில்.
அவர் குறைக்கவில்லை. நானும் கை வைக்கவில்லை.
சாம்பல் கிண்ணத்தில் திருகாணி சும்மா கிடந்தது.

எவ்வளவு நேரமோ.
அடுத்த வளைவுக் கடையில் குழல்விளக்கு
இரண்டு முறை இமைத்து எரிந்தது.

"எடு" என்றார்.

சாவிக்குப் போன கை நின்றது.
பிறகு புரிந்து
வண்டியை எடுத்தேன்.