கழுவாத காசு

சார்ஜன்ட் வீதியில் உடுப்புத் தோய்க்கிற கடை.
ஏழாம் இலக்க உலர்த்திக்கும் சுவருக்கும் நடுவில்
அந்தப் பெட்டி நிற்கிறது.
வெளியே வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
கையுறையைக் கழற்றினால்தான்
பிளாஸ்டிக் தாள் பிரியும்.
நூற்றுப்பதினெட்டு இருபது டொலர்த் தாள்கள்.
பதினெட்டு பெட்டியின் கூலி,
அது சட்டப்படி.
ஒவ்வொன்றாய்த் தின்றது. இரண்டைத் துப்பியது.
மடிப்பை நீவி நீவித் திரும்பக் கொடுத்தேன்,
பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல.

பெட்டியின் நெற்றியில் மஞ்சள் எச்சரிக்கை:
யாராவது தொலைபேசியில் சொல்லி வந்தீர்களா?
வரி அலுவலகம் என்று வெருட்டினார்களா?
இல்லை. இல்லை.
இரண்டையும் அமத்தினேன்.
பொய்யில்லை, என்னை ஒருவரும் வெருட்டவில்லை.
நானாகத்தான் போனேன்.

போன இடம் கூகிளுக்குத் தெரியாத சந்தை.
பாண் பேக்கரியில் இரவு வேலை,
இடைவேளையில் ஒலெக் காட்டித் தந்தது.
வெங்காயம் மாதிரி, உரித்து உரித்து உள்ளே போ என்றான்.
வெங்காயத்தின் நடுவில் என்ன இருக்கும் என்று
சமைக்கிற எனக்குத் தெரியாதா.
போனேன்.

விற்றவன் பெயர் துறவி.
இரண்டாயிரம் தந்தால்
நாலாயிரம் பெறுமதிப் பிட்கொயின்.
ஏன் அரைவிலை என்று கேட்டேன், நான் மடையனில்லை.
களவெடுத்தது, இன்னும் கழுவாதது,
அதனால் மலிவு என்றான்.
களவு என்று ஒளிக்காமல் சொன்னபடியால்
நம்பினேன்.

அவனுக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேர்
எழுதியிருந்தார்கள்.
பாதிப்பேர் ஒரே வசனம்:
சொன்னபடி வந்தது.

காசு முதலில் நடுவர் கையில் கிடக்கும்.
பொருள் வந்தபின் விடுவிக்கலாம், அதுதான் முறை.
துறவி எழுதினான்: நண்பா, நடுவருக்கு ஏன் வீணாய்,
இப்பவே விடு,
ஐந்து வீதம் கூட்டித் தருகிறேன்.
விட்டேன்.

பிறகு ஒரு சுழியம், ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின்னால் எட்டுச் சுழியம்.
பாண் வேகிற நேரமெல்லாம்
எட்டையும் எண்ணினேன்.
ஒன்றாவது அசையும் என்று.

பொலிசுக்கு என்னவென்று சொல்ல?
ஐயா, களவுக் காசு வாங்கப் போனேன்,
களவெடுத்துப் போட்டான்.
கள்ளனுக்குத் தேள் கொட்டினால்
வாய் திறக்கக் கூடாது.
காலை உதறலாம்,
அதுவும் ஆள் பாராத நேரம்.

சுகந்தினி கேட்டாள்: சீட்டுக் காசு தந்தாச்சோ?
அடுத்த மாதந்தானாம் எங்கட முறை என்றேன்.
ரத்தினேஸ்வரியக்காவை அவள் ஏசினாள்.
இரண்டு பேருக்கும் நடுவில் நின்று
உருளைக்கிழங்கு உரித்தேன்.

நாலாம் நாள் துறவி வாய் திறந்தான்.
நல்ல வார்த்தை ஒன்று எழுது,
ஐந்து நட்சத்திரம் போடு,
பாதியைத் திருப்பித் தருகிறேன்.
விடியப்புறம் மூன்று மணி,
கையெல்லாம் மா.
என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை,
விரல் தானாய் எழுதியது:
சொன்னபடி வந்தது.
அனுப்பிய பிறகுதான்
அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும்
ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாதியும் வரவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அடுக்குமாடித் தோய்க்கும் மெசின் பழுது,
சுகந்தினியோடு திரும்பவும் அதே கடை.
போர்வை ஏழாம் இலக்கத்துக்குள் சுழல்கிறது.
பெட்டிக்கு முன்னால் ஒரு பெடியன்,
இருபது வயதிருக்கும், தொப்பியில் ஸ்னோ கரைகிறது.
மஞ்சள் எச்சரிக்கையை வாசிக்காமலே
அமத்துகிறான்.
சுகந்தினி மற்றத் தலைப்பைப் பிடி என்று
போர்வை விரிப்பை நீட்டுகிறாள்.
தலைப்பைப் பிடித்தபடி நிற்கிறேன்.

அவன் என் பக்கம் திரும்பி,
இது நூறு டொலர்த் தாள் எடுக்குமா என்றான்.

இல்லை, இருபதுதான் என்றேன்.
மடிப்பை நீவிக் கொடு,
சிலவேளை துப்பும்.